மூவாயிரம் சுற்றுக்கு மேல்

சுமித்ராவுக்கு இடது காது கேட்காது. கல்யாணமாகி நாலாம் மாதம் புருஷன் சதீஸ் விட்ட ஒரே அறையில் செவிப்பறை கிழிந்து போனது. தோட்டத்து மருந்துக்காரரிடம், "குளிக்கிறப்ப தண்ணி புகுந்துருச்சுங்கையா" என்றாள். அவர் அவள் கன்னத்தில் பதிந்து கிடந்த நாலு விரல்களையும் பார்த்தார். பஞ்சும் மருந்தும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரத்தினபுரிப் பக்கம், நிவித்திகலவுக்கு மேலே இருக்கும் றப்பர் தோட்டம் அது. அங்கே சதீஸை எல்லோரும் 'கார்க்கார சதீஸ்' என்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, 1959ஆம் வருஷத்து மொரிஸ் மைனர் ஒன்றை வைத்திருந்தான். அவனுடைய அப்பா முத்துவீரன் பங்களா டிரைவராக இருந்தவர். வேலையை விட்டுப் போன துரை ஒருவர், ஓடாமல் கிடந்த காரை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முத்துவீரன் செத்த பிறகு கார் அவர் மனைவி வெள்ளையம்மாவின் பெயருக்கு வந்தது. சதீஸ் அதற்கு வெண்ணெய் நிறத்தில் பெயின்ட் அடித்தான். சில்வர் பாகங்களையெல்லாம் துலக்கி, கல்யாண ஹயருக்கு விட ஆரம்பித்தான். பழைய காரில் பொண்ணு மாப்பிள்ளை போவது நாகரிகமாகிவிட்ட காலம். இரத்தினபுரி, கலவான, பெல்மதுளை என்று சிங்கள வீட்டுக் கல்யாணத்துக்கும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்கள்.

காரை ஓட்டத்தான் சதீஸுக்குத் தெரியும். அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வழியில் நின்றால் முதல் உதை காரின் கதவுக்கு, அடுத்தது வீட்டுக்கு வந்ததும் சுமித்ராவுக்கு. கார் நின்றால் அடி விழும் என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆகவே கார் நிற்காமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தோட்டத்து றப்பர் ஸ்டோரில், பாலை ஷீட்டாகப் பிழியும் உருளை மெஷினில் வேலை பார்த்தவள். பெல்ட் தளர்ந்தால் சத்தம் எப்படி மாறும், பெயாரிங் காய்ந்தால் எப்படிக் கத்தும் என்பதெல்லாம் அங்கேயே காதில் ஏறியிருந்தது. மீதியை இரத்தினபுரி பஸாரில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஹபீஸாவிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். ஹபீஸா விதவை. முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பதால் சுமித்ராவும் அவளை ஹபீஸா தாத்தா என்றே கூப்பிட்டாள்.

பிளக் மாற்றினாள், பொயின்ட் தீட்டினாள், வால்வு இடைவெளி சரிபார்த்தாள். ஹயர் போகும்போது சதீஸ் அவளையும் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வான். "பூ அலங்காரத்துக்கு நம்ம ஆளு" என்று வந்தவர்களிடம் சொல்வான். வழியில் கார் நின்றால் திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்பதுதான் உண்மை.

ஒரு நாள் ஹபீஸா, உடைத்துப் போட்ட வேறொரு காரிலிருந்து கழற்றிய சின்ன மீட்டர் ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

"இது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தின சுத்து சுத்துதுன்னு காட்டும். ஒங்கட கார்ல இது இல்ல தானே? கொண்டு போய்ப் பூட்டிப் பாருங்க."

சுமித்ரா அதை ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டினாள். அடுத்த நாலைந்து பயணங்களில் மைல் முள்ளையும் இந்த முள்ளையும் மாறி மாறிப் பார்த்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். நாலாம் கியரில் முப்பது மைல் வேகத்துக்கு எஞ்சின் இரண்டாயிரம் சுற்று. நாற்பத்தைந்து மைலுக்கு மூவாயிரம். அறுபது மைலுக்கு நாலாயிரம். இந்தக் காலத்துக் கார்களுக்கு ஐந்து, ஆறு கியர் உண்டு. ஹைவேயில் நூறு கிலோமீட்டரில் போனாலும் எஞ்சின் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்கு இருப்பது நாலே கியர். வேகம் கூடக் கூட எஞ்சின்தான் வெந்து சாகவேண்டும்.

மூவாயிரத்தில் வைத்தால் அந்த எஞ்சின் நாள் முழுக்க ஓடும். சத்தம் ஒரே சீராக இருக்கும், எண்ணெய் அழுத்தம் இறங்காது. மூவாயிரத்து முந்நூறுவரை பாதகமில்லை. அதற்கு மேலே தரை நடுங்க ஆரம்பிக்கும். நாலாயிரத்தைத் தொட்டுவிட்டு இறங்கலாம், அங்கேயே நிற்கக் கூடாது. அறுபது வருஷத்துக்கு மேல் பழகிய இரும்பு. எண்ணெய் சூடேறித் தண்ணீராகிப் போனால், உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு எந்த நேரமும் அறுந்துகொள்ளும்.

இதை அவள் சதீஸிடம் சொன்னபோது அவன் காரின் முன்மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கை ரேடியேட்டர் விளிம்பில் இருந்தது.

"ஸ்டோர்ல றப்பர் ஷீட்டு புழிஞ்சவ, எனக்கு கார் ஓட்டச் சொல்லித் தாறியா?"

மூடியை விட்டான். இரண்டு விரல்களின் நகம் நசுங்கிக் கழன்று விழுந்தது. வெள்ளையம்மா லயத்து அறையான காம்பிராவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். முத்துவீரன் கையால் அவளும் முப்பது வருஷம் அடி வாங்கியவள்தான். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?" என்று மருமகளைத் திட்டிவிட்டு, மஞ்சளை உரசிக் கொண்டுவந்து விரலில் அப்பினாள்.

2023ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் இரத்தினபுரியில் ஒரு முஸ்லிம் வீட்டு ஹயர் வந்தது. பொண்ணு இன்ஷிரா இரத்தினபுரிப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மாப்பிள்ளை இக்ராமுக்குப் பேருவளை. நிக்காஹ் முதல் நாள் பொண்ணு வீட்டில் முடிந்துவிட்டது. அடுத்த நாள் பகல் பேருவளையில் மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்து. பழைய காரில் போய் இறங்கவேண்டும் என்பது இன்ஷிராவின் ஆசை.

இரத்தினபுரியிலிருந்து இங்கிரிய, ஹொரண வழியாகப் போய், கெலனிகமவில் ஹைவேயில் ஏறி வெலிப்பென்னயில் இறங்குவதாகத் திட்டம். காலை எட்டு மணிக்குப் புறப்படும்போதே சதீஸின் வாயில் முந்தின நாள் சாராய வாடை. இங்கிரிய இறக்கத்திலும் வளைவுகளிலும் கார் ஒழுங்காகவே வந்தது. ஹைவேயில் ஏறியதும் இடது ஓரப் பாதையில் நாற்பத்தைந்து மைலில் போனார்கள். முள் மூவாயிரத்தில் நின்றது. பின்னாலிருந்து வந்த வாகனமெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. மாப்பிள்ளையின் மச்சான்மார் வந்த வான் ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. ஒருவன் கண்ணாடியை இறக்கி, "டிரைவர், எறங்கித் தள்ளவா?" என்று கத்தினான். வானுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். சதீஸின் பிடரி சிவந்தது.

அந்த நேரம் பார்த்து இக்ராம் பின்சீட்டிலிருந்து பணிவாகத்தான் கேட்டான்: "கொஞ்சம் வெரசாப் போக ஏலாதா? ஊட்டுல ஆக்கள் வந்து காத்துக்கிட்டு ஈக்கிறாங்க."

சதீஸ் மிதித்தான்.

முள் மூவாயிரத்து ஐந்நூறுக்கு ஏறியது. கதவுகள் கடகடத்தன. நாலாயிரம். வானை எட்டிப் பிடித்துத் தாண்டினான். தாண்டியபிறகும் காலை எடுக்கவில்லை. இறக்கத்தில் நாலாயிரத்து முந்நூறு. சுமித்ரா எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதில் நின்ற முள் ஐம்பதுக்கு வந்தது. பிறகு நாற்பது. பத்து நிமிஷம் அப்படியே போனான். முப்பதுக்கு இறங்கியபோது, கேட்கிற காதில் அந்தச் சத்தம் விழுந்தது. டொக், டொக், டொக்.

"என்னங்க, கால எடுங்க. தண்டு தட்டுதுங்க. பின்னால ஆளுங்க இருக்காங்க."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, புறங்கையால் அவள் வாயில் அறைந்தான். மோதிரம் பட்டு உதடு பிளந்தது. பின்சீட்டில் இன்ஷிரா "அல்லாஹ்" என்றாள்.

டொக் டொக் சத்தம் இப்போது சுத்தியல் அடியாகக் கேட்டது. சுமித்ரா எட்டிச் சாவியைத் திருப்பப் போனாள். சதீஸ் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை முன்பலகையில் மோதினான். ஒரு தரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் மோதுவதற்குள் எஞ்சின் வெடித்தது.

தண்டு அறுந்து, இரும்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கொதிக்கும் எண்ணெய் புகைபோக்கிக் குழாயில் கொட்டி, வெள்ளைப் புகை காருக்குள் நிறைந்தது. பின் சக்கரம் எண்ணெயில் வழுக்கியது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்து இரும்பு வேலியில் இடித்து, உராய்ந்துகொண்டே போய் நின்றது. பக்கக் கண்ணாடி நொறுங்கி இன்ஷிராவின் நெற்றியைக் கிழித்தது. வெள்ளைச் சாரியில் இரத்தம் கொட்டியது. இக்ராம் கதவை உதைத்துத் திறந்து அவளை வெளியே இழுத்தான்.

சுமித்ராவும் எப்படியோ இறங்கினாள். மூக்கு உடைந்து ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. முதலில் அவள் பார்த்தது தீ பிடிக்கிறதா என்பதைத்தான். பிடிக்கவில்லை. பின்மூடியைத் திறந்து, தண்ணீர்க் கேனை எடுத்துக் குழாய்மேல் ஊற்றினாள். புகை அடங்கியது.

அப்போதுதான் சதீஸ் அந்தப் பக்கமிருந்து சுற்றி வந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"சாவியில கைய வச்சி எஞ்சின ஒடச்சிட்டியேடி, நாயே!"

தரையில் கிடந்த அறுந்த விசிறிப் பெல்ட்டை எடுத்து அடித்தான். முகம், தோள், முதுகு, எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தான். அவள் கேனைத் தூக்கித் தலையை மறைத்தாள். அவன் கேனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவள் கழுத்தைப் பிடித்துப் பாதைக்குத் தள்ளிக்கொண்டு போனான். இக்ராம் "டிரைவர், விடுங்க, விடுங்க!" என்று கத்தினான். ஒரு கையால் மனைவியின் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றவனால் ஓடிவர முடியவில்லை.

சதீஸ் அவளை ஓடும் வாகனங்களுக்கு நடுவே தள்ளிவிட்டான்.

சுமித்ரா தாரில் முழங்கால் மோதி விழுந்தாள். பெரிய லொறி ஒன்று ஹோர்னைப் பிடித்துக்கொண்டே வந்து, பிரேக் கிறீச்சிட, அவளுடைய கேட்காத காதுப் பக்கமாக ஒரு முழம் விட்டு ஒதுங்கிப் போனது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. காற்று அடித்துப் புரட்டியதுதான் தெரிந்தது. எழுந்து ஓரத்துக்கு ஓடினாள். அவன் மறுபடி தள்ளுவதற்குக் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

திறந்து கிடந்த பின்மூடிக்குள், எஞ்சினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற வளைந்த இரும்புக் கம்பி இருந்தது. அவள் அதை எடுத்தாள். எடுத்ததுகூடப் பிற்பாடு அவளுக்கு ஞாபகம் இல்லை. நீட்டிய வலது கையின் மேல் முதல் அடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் இக்ராம் நின்ற இடம்வரை கேட்டதாம். அவன் அலறிக்கொண்டு இடது கையால் தாவினான். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். சுமித்ரா கம்பியை மூன்றாம் முறையும் ஓங்கினாள். அவன் தலைக்கு நேராக ஓங்கினாள்.

"அக்கா, வேணாம்!"

இன்ஷிராவின் குரல். இரத்தம் வழிய, செருப்பில்லாமல், சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் இடையில் வந்து நின்றாள். "அக்கா, போதும். நான் கண்டேன். எல்லாம் கண்டேன். போட்டுடுங்க."

சுமித்ரா கம்பியைப் போட்டாள்.

ஹைவே பொலிஸ் பத்து நிமிஷத்தில் வந்தார்கள். முதலில் இறங்கிய சார்ஜன்ட், முகமெல்லாம் வீங்கியிருந்த சுமித்ராவையும் கையைப் பிடித்துக்கொண்டு புரண்ட சதீஸையும் மாறி மாறிப் பார்த்தார். "நங்கி, கவுத கெஹுவே?" யார் அடித்தது என்று கேட்டார்.

"மம கெஹுவா, சேர்" என்றாள் சுமித்ரா. நான்தான் அடித்தேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். சார்ஜன்ட் அவளைத்தான் ஜீப்பில் ஏற்றினார்.

பின்தங்கியிருந்த மச்சான்மாரின் வானும் அதற்குள் வந்து நின்றது. இக்ராம் மனைவியின் காதோரம் குனிந்து, "வாங்க போவோம். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போடணும். நமக்கு என்னத்துக்கு இந்தக் கேஸு? வலீமா அன்னைக்குப் பொலிஸுக்குப் போனதா ஊரெல்லாம் கதைக்கும்" என்றான்.

"அந்தாளு அவங்கள லொறிக்கு முன்னால தள்ளினத்த நான் கண்டேனே."

"நானும்தான் கண்டேன்."

"அப்ப நீங்களும் வாங்க" என்றாள் இன்ஷிரா. பொலிஸ்காரரிடம் சிங்களத்தில், தன் வாக்குமூலத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். நெற்றியில் ஏழு தையல் போட்டுக்கொண்டு, சாரி மாற்றாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தாள். வலீமா விருந்தை மாப்பிள்ளையும் பொண்ணும் இல்லாமலே ஊர் தின்று முடித்தது.

சுமித்ராவை ஆஸ்பத்திரியில் காவலோடு நாலு நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் வெள்ளையம்மா வந்தாள். நேராகக் கட்டிலுக்கு வந்து, கட்டுப்போட்ட முகத்திலேயே ஒரு அறை விட்டாள்.

"எம்புள்ள கைய ஒடச்சிட்டியேடி! அவன் இனி எப்பிடிடி ஸ்டியரிங் புடிப்பான்?"

நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே இழுத்துப் போனாள். கதவருகில் நின்று வெள்ளையம்மா தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஹபீஸா பிணை நின்று சுமித்ராவை வெளியே எடுத்தாள். கடைக்குப் பின்னால் சாமான் அறையில் ஒரு பாயைப் போட்டுக் கொடுத்து, "நீங்க இங்கயே இருங்க. என்னைக் கேக்க யாரும் வரமாட்டாங்க" என்றாள். முதல் மாதம் முழுக்க, கடைக்கு முன்னால் லொறி ஹோர்ன் அடித்தால் சுமித்ரா சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள்.

இரண்டு பேர் மேலும் போட்ட வழக்கு ஒரு வருஷம் இழுத்தது. சதீஸின் வக்கீல், எஞ்சின் உடைந்ததே அவள் சாவியைப் பிடித்ததால்தான் என்று வாதாடினார். சுமித்ரா கூண்டில் நின்று, எத்தனை மைலுக்கு எத்தனை சுற்று, எத்தனை நிமிஷம் முள் எங்கே நின்றது, எண்ணெய் எப்போது இறங்கியது என்று ஒவ்வொன்றாகச் சிங்களத்திலேயே சொன்னாள். வாகனப் பரிசோதகர், நீண்ட நேரம் அளவுக்கு மிஞ்சிய சுற்றில் ஓடியதால்தான் தண்டு அறுந்தது என்று அறிக்கை கொடுத்திருந்தார். இன்ஷிரா எட்டு மாத வயிற்றோடு சாட்சிக்கு வந்தாள். இக்ராம்தான் கைப்பிடித்துக் கூட்டிவந்தான். வக்கீல் அவளிடம், "நெற்றியில் காயம், கண்ணில் இரத்தம். உங்களுக்கு எப்படிச் சரியாகத் தெரிந்தது?" என்று கேட்டார்.

"ஒரு கண்ணுலதான் ரத்தம். மத்தக் கண்ணால கண்டேன்" என்றாள் அவள்.

சுமித்ரா தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அடித்தாள் என்று நீதவான் விடுதலை செய்தார். சதீஸுக்கு ஒன்றரை வருஷச் சிறை.

தீர்ப்பு வந்து மூன்றாம் வாரம் வெள்ளையம்மா இரத்தினபுரிக் கடைக்கு வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"கார் எம்பேர்ல இருக்கு. கொட்டகையில கெடந்து துரு புடிக்கிது. எனக்கு இனி றப்பர் பால் வெட்ட ஏலாது. நீ ஓட்டுறதுன்னா ஓட்டு."

"ஒங்களுக்கு எம்மேல கோவம் இல்லியாங்க மாமி?"

"இருக்கு. சாகுற மட்டும் இருக்கும்." முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "அவரு என்னைய அடிச்சப்ப நானும் ஒரு நா வெறகுக் கட்டைய எடுத்தேன். எடுத்துட்டுக் கீழ வச்சிட்டேன். அதையும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கேகாலைப் பக்கம் உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து வேறு எஞ்சின் கிடைத்தது. பழையதைவிடக் கொஞ்சம் பெரியது. சுமித்ராவும் ஹபீஸா அனுப்பிய மெக்கானிக் மஷூரும் இரண்டு மாதத்தில் அதைப் பூட்டி முடித்தார்கள். அவள் லைசன்ஸ் எடுத்தாள். ஹயர் பேச வருகிறவர்களிடம் முதலிலேயே, "நாப்பத்தஞ்சு மைல்லதான் போவேங்க. ஹைவேயில இடது பக்க ஓரமா. நேரத்தோட கெளம்பணும்" என்று சொல்லிவிடுவாள். சிலர் வேறு காரைத் தேடிப் போனார்கள். பலர் சரி என்றார்கள்.

சதீஸ் சிறையிலிருந்து வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். சுமித்ரா தோட்டத்துக் கொட்டகையில் காருக்கு அடியில் படுத்திருந்தாள். செருப்புக் காலைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது. வெளியே வராமல் அப்படியே கிடந்தாள். வெள்ளையம்மா வாசலில் வைத்தே மகனுக்குச் சோறு போட்டாள். அவன் இடது கையால் பிசைந்து தின்றான். வலது கை முழங்கைக்குக் கீழே கோணியிருந்தது.

"தின்னுட்டியா? பதினொரு மணிக்கு பஸ் இருக்கு. போயிரு" என்றாள் தாய். "இங்க நின்னீன்னா நானே பொலிஸுக்குச் சொல்லுவேன்."

அவன் எழுந்தான். போகிற போக்கில் கொட்டகைத் தகரத்தை ஒரு உதை உதைத்தான். தகரம் அதிர்ந்து அடங்க நேரமெடுத்தது. பஸ் வளைவு திரும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் சுமித்ரா காருக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தாள். உடம்பெல்லாம் எண்ணெயும் வியர்வையுமாக இருந்தது. பயம் போய்விட்டது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று முதல் கொட்டகைக்கு உள்பக்கமாகவும் ஒரு தாழ்ப்பாள் போட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கலவானயில் ஒரு சிங்களக் கல்யாணம் இருந்தது. காலை ஆறு மணிக்குப் பொண்ணு வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பூச்சரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.